மூன்று மாதச் சம்பளமும் மூன்று வருடச் சம்பளமும்: 1989-க்குப் பிறகு போலந்தின் தொழில் வட்டாரங்கள் சரிந்த விதம்

கேள்வி இதுதான்: சோஷலிச ஆட்சி முடிந்த கையோடு, 1990 ஜனவரி 1 அன்று போலந்து முழுவதும் ஒரே பொருளாதாரத் திட்டம் அமலுக்கு வந்தது. அப்படியிருக்க வூச் நகரம் (வரைபடங்களில் லோட்ஸ் என்று இருக்கும்) இரண்டே வருடத்தில் சரிந்ததும், நிலக்கரி வட்டாரமான மேல் சிலேசியா சுமார் பத்து வருடம் தாக்குப்பிடித்ததும், பியெல்ஸ்கோ-பியாவா விழுந்து சில வருடங்களில் நிமிர்ந்ததும் எப்படி? பழைய எந்திரமும் மோசமான நிர்வாகமும்தான் காரணமா?

அந்தப் பதில் போதாது. பழைய எந்திரம் நாடெங்கும் இருந்தது. எந்த ஊர் எப்போது விழும், விழுந்தபின் எழுமா என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்தன. ஆலையின் சரக்கை வாங்கியது யார்? அந்தத் துறையை அரசு எவ்வளவு காலம் தாங்கிப் பிடித்தது? கதவு மூடப்பட்ட பிறகு, காலையில் போய் மாலையில் திரும்பும் தூரத்தில் வேறு வேலை இருந்ததா? இதில் இரண்டாவது விஷயத்தை ஆய்வாளர்கள் பெரும்பாலும் மேலோட்டமாகத் தொட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். என் கணிப்பில் வட்டாரங்களுக்கு இடையிலான வித்தியாசத்தை அதிகம் விளக்குவது அதுதான்.

ஆலையின் கணக்குப் புத்தகத்தில் நடந்தது

நிதியமைச்சர் லெஷெக் பால்செரோவிச்சின் திட்டத்தில் விலைக் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் நீங்கின. மானியங்கள் வெட்டப்பட்டன. இறக்குமதிக்குக் கதவு திறந்தது. நாணயமான ஸ்வாட்டி, டாலருக்கு 9,500 என்று நிறுத்தப்பட்டது. மத்திய வங்கியின் வட்டி ஜனவரியில் 36 சதவீதம், பிப்ரவரியில் 20 சதவீதம். இவை மாத வட்டி. ஏற்கெனவே வாங்கியிருந்த கடனுக்கும் இந்த வட்டி பாய்ந்தது என்பதுதான் ஆலைகளை உலுக்கியது. பஞ்சு கொள்முதலுக்காக டிசம்பரில் 100 கோடி ஸ்வாட்டி கடன் வைத்திருந்த ஒரு நூற்பாலையை எடுத்துக்கொண்டால், இந்த இரண்டு மாத வட்டியிலேயே அது பிப்ரவரி முடிவில் 163 கோடியாகி இருக்கும்.

ஜனவரி மாதம் மட்டும் விலைவாசி ஏறக்குறைய 80 சதவீதம் ஏறியதே, அதற்கு 36 சதவீத வட்டி குறைவுதானே என்று ஒருவர் கேட்கலாம். தன் சரக்கின் விலையையும் அதே வேகத்தில் ஏற்ற முடிந்த ஆலைக்கு அந்த வாதம் சரி. துணி ஆலைக்கு அது முடியவில்லை. அந்த வருடம் சம்பளத்தின் வாங்கும் சக்தி கால் பங்கு அளவுக்குக் குறைந்தது. ரொட்டியும் கரியும் வாங்கியாக வேண்டும். கோட்டும் படுக்கை விரிப்பும் அடுத்த வருடம் வாங்கிக்கொள்ளலாம். ஆகவே செலவு விலைவாசியோடு ஏற, வரவு ஏறவில்லை. கிடங்கில் சரக்கு தேங்கியது, அதற்கான கடன் குட்டி போட்டது.

இதற்கு மேல் இரண்டு சுமைகள். ஆலையில் அரசு போட்ட மூலதனத்தின் மீது ‘டிவிடெண்ட்’ என்ற பெயரில் ஒரு கட்டாயக் கட்டணம். லாபம் வந்தாலும் வராவிட்டாலும் கட்ட வேண்டும். அடுத்தது, அனுமதித்த அளவைத் தாண்டிச் சம்பளம் ஏற்றினால் விதிக்கப்படும் தண்ட வரி. அதன் உச்ச விகிதம் 500 சதவீதம். அரசு ஆலைகளில் சம்பளப் போட்டி கிளம்பாமல் தடுக்க வந்தது இந்த வரி. நடைமுறையில், நல்ல மெக்கானிக்கைத் தக்கவைத்துக்கொள்ள அரசு ஆலையால் முடியாமல் போனது. அவர் பக்கத்துத் தனியார் பட்டறைக்குப் போய்விட்டார்.

1991 ஜனவரி 1 அன்று இரண்டாவது அடி. அதுவரை சோவியத் ஒன்றியத்துடனான வர்த்தகம் ‘மாற்றத்தக்க ரூபிள்’ என்ற கணக்கு நாணயத்தில் நடந்தது. அன்றிலிருந்து டாலர் போன்ற கடின நாணயத்துக்கு மாறியது. சோவியத் தரப்பிடம் டாலர் இல்லை. ஆர்டர்கள் நின்றன. இதற்கிடையே 1990 முழுவதும் உள்நாட்டு விலைகள் சுமார் மூன்றரை மடங்கானபோதும், மாற்று விகிதம் 1991 மே வரை அதே 9,500-இல் நின்றது. தொடக்கத்தில் ஏற்றுமதியாளருக்கு மலிவான நாணயம் தந்த சாதகம் கரைந்துபோய், மேற்கு ஐரோப்பியச் சரக்கும் ஆசியச் சரக்கும் கடைக்கு மலிவாக வந்து சேர்ந்தன. மேற்கே விற்கப் பழகியிருந்த ஆலைகள் இந்த இரண்டாவது அடியைத் தாங்கின. கிழக்கை மட்டும் நம்பியிருந்தவை தாங்கவில்லை.

வூச்: யாரும் தடுக்காத சரிவு

19-ஆம் நூற்றாண்டில் ரஷ்யப் பேரரசின் சந்தையை நம்பி எழுந்த பஞ்சாலை நகரம் வூச். சோஷலிசக் காலத்தில் ஆலைகள் அரசுடைமையாயின, வாங்குபவர் மாறவில்லை. 1980-களின் முடிவில் நகரத்தின் தொழில் வேலையில் பாதியளவு நூல், துணி, ஆயத்த ஆடை சார்ந்தது. தொழிலாளர்களில் பெரும்பான்மை பெண்கள். மூன்று ஷிப்டு வேலை. துணிச்சல் இல்லாதவர்கள் என்று அவர்களைச் சொல்லிவிட முடியாது. 1981 ஜூலை 30 அன்று உணவுத் தட்டுப்பாட்டை எதிர்த்துப் பல்லாயிரம் பெண்கள் குழந்தைகளோடு இந்த நகரத்தின் பிரதான வீதியில் ஊர்வலம் போனார்கள்.

1990-இல் அப்படி ஓர் எதிர்ப்பு எழாததற்குக் காரணம் ஆட்குறைப்பு நடந்த விதம். ஆலைகள் ஒரே நாளில் மூடப்படவில்லை. முதலில் சம்பளமில்லா விடுப்பு. பிறகு ஓய்வு வயதை நெருங்கியவர்களுக்கு முன்கூட்டியே ஓய்வூதியம். அடுத்து வெளியூரிலிருந்து வந்து போகிறவர்கள். மூன்றாவது ஷிப்டு ரத்து, பின் இரண்டாவது. ஒவ்வொரு கட்டத்திலும் சில நூறு பேர்தான் போனார்கள். மிச்சமிருந்தவர்கள் தங்கள் தறி தப்பிக்கும் என்று நம்பினார்கள். நகரத்தில் ஆலைகள் பல, ஒவ்வொன்றுக்கும் தனி நிர்வாகம், தனி சங்கக் கிளை. எல்லோரும் ஒரே பேச்சுவார்த்தை மேசைக்கு வரவே இல்லை. தலைநகரத்தின் மின்சாரத்தை நிறுத்தும் பலம் நெசவுத் தொழிலாளிக்குக் கிடையாது. துணி உற்பத்தி நின்றால் அரசுக்கு அன்றைக்கே வலிக்காது.

அவர்களுக்குக் கிடைத்தது 1989 டிசம்பர் 28 தேதியிட்ட கூட்டு ஆட்குறைப்புச் சட்டம் தந்த தொகை. பத்து வருடத்துக்குக் குறைவான பணிக்கு ஒரு மாதச் சம்பளம், இருபது வருடம் வரை இரண்டு மாதம், அதற்கு மேல் மூன்று மாதம். இருபத்தைந்து வருடம் தறி ஓட்டிய பெண்ணுக்கு மூன்று மாதச் சம்பளம்.

திறமை வீணாகியது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. நூற்பும் நெசவும் தெரிந்தவர்களின் கைத்திறன் அந்த எந்திரத்தோடே போய்விட்டது. தையல் தெரிந்தவர்கள் பிழைத்தார்கள். ஆலைகள் விற்றுத்தள்ளிய தையல் எந்திரங்கள் வீட்டுக் கொட்டகைக்கும் கார் நிறுத்தும் அறைக்கும் வந்தன. நகரத்துக்குத் தெற்கே துஷினிலும் ஜ்கூவிலும் பெரிய மொத்த விற்பனைச் சந்தைகள் எழுந்தன. உக்ரைன், பெலாரஸ், ரஷ்யாவிலிருந்து வியாபாரிகள் பேருந்தில் வந்து மூட்டை மூட்டையாக வாங்கிப்போனார்கள். அரசுகளுக்கு இடையே அறுந்த கிழக்குச் சந்தை, மூட்டை வியாபாரிகள் வழியாகத் திரும்பி வந்தது. ஆனால் இந்த வேலையில் பெரும்பகுதி பதிவில்லாதது. காப்பீடு இல்லை, ஓய்வூதியச் சந்தா இல்லை, சம்பளம் பீஸ் கணக்கு. 1998-இல் ரஷ்ய ரூபிள் வீழ்ந்தபோது வியாபாரிகள் வரத்து சட்டென்று சுருங்கியது. தையல் கொட்டகைகளுக்கு இழப்பீடு தர யாரும் இல்லை. இருபது வருடம் கழித்து அந்தப் பெண்களின் ஓய்வூதியத்தில் அந்தச் சந்தா இல்லாத வருடங்கள் தெரிகின்றன. ஆலை மூடிய வருடத்தின் வேலையின்மை விகிதத்தை மட்டும் பார்த்தால் இந்த இழப்பு கண்ணில் படாது.

1988-இல் சுமார் 8.5 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2021 கணக்கெடுப்பில் சுமார் 6.7 லட்சம். தலைநகரம் வார்சா 130 கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் இரண்டையும் இணைக்கும் நெடுஞ்சாலை முழுமையாகத் திறந்தது 2012-இல். சரிவுக்கும் சாலைக்கும் இடையில் இருபது வருடம். 1997-இல் சிறப்புப் பொருளாதார மண்டலம் (முதலீடு செய்யும் நிறுவனங்களுக்கு வரி விலக்கு தரும் பகுதி) வந்தது. துணி துவைக்கும் எந்திரம், குளிர்பெட்டி செய்யும் ஐரோப்பிய நிறுவனங்கள் வந்தன. 2008-இல் டெல் கணினி ஆலை திறந்தது. இஸ்ராயேல் பொஸ்னான்ஸ்கியின் செங்கல் பஞ்சாலை 2006-இல் ‘மனுஃபக்துரா’ என்ற வணிக வளாகமாகியது. இவை நல்ல வேலைகள். ஆனால் அவற்றுக்கு எடுத்தது முப்பது வயதுக்குக் கீழ் உள்ளவர்களை. ஆலையை இழந்தவர்களுக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது.

பியெல்ஸ்கோ-பியாவாவைப் பக்கத்தில் வைத்தால் மூன்றாவது விஷயம் தெளிவாகும். தெற்கு மலையடிவாரத்தில் உள்ள அந்த ஊரும் நூற்றாண்டுப் பழமையான கம்பளித் துணி நகரம்; அதன் ஆலைகளும் அதே காலத்தில் மூடப்பட்டன. ஆனால் அங்கே கார் தொழிற்சாலை இருந்தது. 1992-இல் ஃபியட் அதை வாங்கியது. உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகள் சுற்றிலும் முளைத்தன. ஒரே துறை செத்த இரண்டு ஊர்களில், இன்னொரு துறை உயிரோடிருந்த ஊர் சில வருடங்களில் நிமிர்ந்தது.

நிலக்கரி: ஒரே தொழில், இரண்டு விதி

கீழ் சிலேசியாவில் செக் எல்லையோரம் இருக்கிறது வவ்பிஷிக். அதன் நிலக்கரி உயர்தரமானது. எஃகு ஆலைக்குத் தேவையான கோக் என்ற எரிபொருள் அதிலிருந்து கிடைக்கும். பிரச்சினை பாறையில். அடுக்குகள் மெல்லியவை, உடைந்து சாய்ந்து கிடப்பவை. பெரிய வெட்டு எந்திரங்களை நேராக ஓட்ட முடியாது. கூடவே திடீரென்று கார்பன் டை ஆக்சைடு பீறிட்டுவரும் ஆபத்து. ஒரு டன் எடுக்கும் செலவு மேல் சிலேசியாவைவிட மிக அதிகம். மானியம் வெட்டப்பட்டதும் முதலில் பட்டியலில் விழுந்தது இந்த வட்டாரம். 1990-இன் முடிவிலேயே சுரங்கங்களைக் கலைக்க முடிவானது. 1998-க்குள் நகரத்தின் சுரங்கத் தொழில் முற்றாக முடிந்தது. கோக் ஆலை, கண்ணாடி, பீங்கான், நெசவு ஆலைகளும் அதே வருடங்களில் ஆளைக் குறைத்தன. சுரங்கத் தொழிலாளியின் மனைவி வேலை பார்த்த இடமும் சேர்ந்து போனது. 1999-இல் மாகாண எல்லைகள் திருத்தப்பட்டபோது மாகாணத் தலைநகர் அந்தஸ்தும் போனது. அலுவலக வேலைகள் வ்ரோத்ஸ்வாஃபுக்கு நகர்ந்தன.

பிறகு நடந்தது பலருக்கும் தெரியும்: ஏழைக்குழிகள். நகரத்தின் ஓரங்களில் சில அடுக்குகள் தரைமட்டத்துக்கு மிக அருகே வருகின்றன. வேலை இழந்தவர்கள் அங்கே ஓர் ஆள் நுழையும் அகலத்தில் குழி தோண்டி, கரி தென்பட்டதும் அதன் சாய்வைப் பின்தொடர்ந்து பக்கவாட்டில் குடைந்தார்கள். வாளியும் கயிறும் கை உருளையும்தான் தூக்கி எந்திரம். கூரை சரியாமல் தாங்கும் முட்டுக்குப் பக்கத்துக் காட்டு மரம். சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கு முட்டு எத்தனை அடிக்கு ஒன்று வைக்க வேண்டும் என்று நன்றாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு முட்டும் வெட்ட வேண்டிய ஒரு மரம், தூக்க வேண்டிய ஒரு சுமை. காவல் வந்தால் குழியை மண் போட்டு மூடிவிடுவார்கள். நாளை கைவிட வேண்டியிருக்கும் குழிக்கு நல்ல முட்டு போட யாருக்கும் மனம் வராது. மழைக்குப் பிறகும் பனி உருகும் காலத்திலும் மேல்மண் நெகிழ்ந்து சரியும். உயிர்கள் போயின. கிடைத்த கரியை மூட்டையில் கட்டி வீடுகளுக்கு விற்றார்கள். சட்டவிரோதம் என்று அபராதம் போட்டதைத் தவிர அதிகாரிகளிடம் நீண்ட காலம் வேறு பதில் இல்லை.

1997-இல் இங்கேயும் சிறப்புப் பொருளாதார மண்டலம் வந்தது. டொயோட்டா 1999-இல் நிறுவனம் பதிந்து 2002-இல் கார் கியர்பெட்டி உற்பத்தியைத் தொடங்கியது. இன்றைக்கு வேலையின்மை பழைய அளவில் இல்லை. 1990 வாக்கில் சுமார் 1.4 லட்சம் பேர் வாழ்ந்த நகரத்தில் அதில் கால் பங்கு குறைந்திருக்கிறது.

இப்போது மேல் சிலேசியா. 1989-இல் நாட்டின் கல்கரி (கடின நிலக்கரி) உற்பத்தி 17.7 கோடி டன். சுமார் 70 சுரங்கங்கள், 4 லட்சம் தொழிலாளர்கள். அநேகமாக எல்லாமே கட்டோவிட்சேயைச் சுற்றிய இந்த வட்டாரத்தில். பல சுரங்கங்கள் நஷ்டத்தில் ஓடினாலும் அரசு மூடத் துணியவில்லை. நாட்டின் மின்சாரம் இந்தக் கரியில் ஓடியது. சங்கங்கள் ஒன்றாக நின்றன. வேலைநிறுத்தம் என்றால் அரசு நடுங்கியது. ஆகவே நேரடி மானியம் போன இடத்தில் மறைமுக மானியம் வந்தது: சுரங்கங்கள் சமூகக் காப்பீட்டுச் சந்தாவைக் கட்டவில்லை, வரியைக் கட்டவில்லை, உள்ளாட்சிக்கும் சப்ளையருக்கும் பாக்கி வைத்தன. அந்தப் பாக்கி மலையாகக் குவிந்து, 2003-இல் தனிச்சட்டம் போட்டுப் பெரும்பகுதி தள்ளுபடியானது. நெசவாலை அதே பாக்கியை வைத்திருந்தால் கலைப்பு அதிகாரி வாசலில் நின்றிருப்பார்.

1998-இல் பிரதமர் யெஷி புசேக்கின் அரசு சுரங்கத் தொழிலாளர்களுக்கு ஒரு சமூகப் பொதியை அறிவித்தது. ஓய்வுக்கு ஐந்து வருடம் இருப்பவர்கள் வீட்டிலிருந்தபடியே சம்பளத்தின் 75 சதவீதம் பெறலாம். மற்றவர்கள் ஒரே தவணையாக 40,000 ஸ்வாட்டிக்கு மேல் வாங்கிக்கொண்டு வெளியேறலாம். நாட்டின் சராசரி மாதச் சம்பளம் அப்போது சுமார் 1,200 ஸ்வாட்டி (1995-இல் நான்கு பூஜ்யங்கள் நீக்கப்பட்ட புதிய ஸ்வாட்டி). அதாவது ஏறக்குறைய மூன்று வருடச் சம்பளம். நான்கைந்து வருடத்தில் சுமார் 1 லட்சம் பேர் வெளியேறினார்கள். யாரும் கட்டாயமாக நீக்கப்படவில்லை.

சுரங்கத் தொழிலாளிக்கு அது அதிகம் என்று நான் சொல்லவில்லை. உடல் தேயும் வேலைக்கு அது நியாயமான தொகைதான். வூச் பெண்ணுக்கும் வவ்பிஷிக் தொழிலாளிக்கும் அதில் ஒரு பங்குகூடக் கிடைக்காதது அநீதி. முன்னவர்கள் விழுந்த வருடத்தில் கஜானா காலி, பின்னவர்கள் வெளியேறிய வருடத்தில் பொருளாதாரம் வளர்ந்துகொண்டிருந்தது என்பதும் உண்மை. சீக்கிரம் விழுந்ததற்கே தண்டனை.

பொதியிலும் கோளாறு இருந்தது. பணம் கையில் வந்தது, அதனுடன் வேலைத் திட்டம் வரவில்லை. மறுபயிற்சியை விருப்பத் தேர்வாக வைத்தார்கள்; மிகச் சிலரே எடுத்தார்கள். கடனை அடைக்க, வீட்டைப் பழுதுபார்க்க, கார் வாங்கப் பெரும்பாலான தொகை போனது. பணம் தீர்ந்த நேரம் 2002–2003. நாட்டின் வேலையின்மை அப்போது 20 சதவீதத்தைத் தொட்டிருந்தது. பிழைத்த ஊர்கள், பக்கத்தில் வேறு ஆலை வந்த ஊர்கள்: டிக்கியில் ஃபியட், கிளிவிட்சேயில் 1998-இல் ஓப்பல். கிளிவிட்சேயில் ஒரு பொறியியல் பல்கலைக்கழகமும் இரண்டு நெடுஞ்சாலைகள் சந்திக்கும் இடமும் இருந்தன. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள பிட்டோம் நகரத்தின் நிலை வேறு. அங்கே நகரத்துக்கு நேர் கீழேயே பல அடுக்குகளில் கரி எடுத்திருந்தார்கள். தரை இறங்கியது, சுவர் வெடித்தது, குழாய் உடைந்தது. 2011-இல் நகரத்தின் ‘கார்ப்’ என்ற பகுதியில் வீடுகள் பிளந்து நூற்றுக்கணக்கானோரை வெளியேற்ற வேண்டியதாயிற்று. இறங்கும் தரையில் துல்லிய எந்திரம் நிறுவ எந்த முதலீட்டாளரும் வரமாட்டார். சுரங்கம் மூடிய பிறகும் நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் பக்கத்துச் சுரங்கத்துக்குள் நீர் புகும். மூடுவதற்கே நிரந்தரச் செலவு உண்டு என்பதை இந்த ஊர் காட்டுகிறது.

ஒற்றை ஆலை ஊர்களும் அவற்றைச் சுற்றிய வளையமும்

தென்கிழக்கில் சரிவின் வடிவம் வேறு. 1936-இல் தொடங்கிய மத்தியத் தொழில் வட்டாரத் திட்டம், ஜெர்மன் எல்லையிலிருந்து தள்ளி ஆயுத, விமான ஆலைகளை நிறுவியது. சோஷலிச அரசு அவற்றைப் பெருக்கியது. மியேலெட்ஸ் விமான ஆலையில் சுமார் 20,000 பேர். அது செய்த ஆன்-2 விமானங்கள் சுமார் 12,000; அவற்றில் பெரும்பகுதி சோவியத் ஒன்றியத்துக்கு. முக்கிய வாங்குபவர் ஒருவரே, அவர் போனார். ஸ்டராகோவிட்சேயில் ஸ்டார் லாரி ஆலை; பெரிய வாங்குபவர்கள் ராணுவமும் கிழக்கு நாடுகளும்.

ஒற்றை ஆலை ஊரில் ஆலை என்பது சம்பளம் மட்டும் தருவதல்ல. குடியிருப்பு ஆலையுடையது. குளிர்காலத்தில் ஊருக்கே வெந்நீர் அனுப்பும் கொதிகலன் ஆலை வளாகத்தில். குழந்தைகள் காப்பகம், மருத்துவமனை, விளையாட்டுக் குழு எல்லாம் ஆலைக் கணக்கில். இவற்றை உள்ளாட்சிக்குக் கைமாற்றியபோது செலவு மட்டும் கைமாறியது. வரி வருவாய் வரவில்லை. ஆகவே ஆலை விழுந்தபின் வீட்டுக்கான சூடேற்றக் கட்டணம் ஏறியது. சம்பளம் இல்லாத நேரத்தில் பில் பெரிதானது.

1994 அக்டோபர் 20-இல் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டம் வந்தது. முதல் மண்டலம் 1995-இல் மியேலெட்ஸில். முதல் பத்து வருடம் வருமான வரி முழு விலக்கு, பின் பாதி விலக்கு என்பது கவர்ச்சி. ஆனால் மியேலெட்ஸ் எழுந்ததற்கு வரி விலக்கைவிடப் பெரிய காரணங்கள் உண்டு: விமான ஆலையின் காலி கூடங்கள், மின் இணைப்பு, ஓடுபாதை, உலோக வேலை தெரிந்த ஆயிரக்கணக்கான கைகள், அவர்களைப் பயிற்றுவித்த தொழிற்பள்ளி. 2007-இல் அமெரிக்காவின் சிகோர்ஸ்கி விமான ஆலையை வாங்கி ஹெலிகாப்டர் செய்யத் தொடங்கியது. ஸ்டராகோவிட்சேயில் 1999-இல் ஜெர்மனியின் மான் (MAN) லாரி நிறுவனம் வந்தது. வரி விலக்கை மட்டும் வைத்து வெறும் வயலில் போட்ட மண்டலங்கள் இந்த வேகத்தில் நிரம்பவில்லை.

ஆலை இருந்த ஊரைவிட மோசமாக அடிபட்டது அதைச் சுற்றிய கிராம வளையம். காலை நான்கு மணிக்கு ஆலைப் பேருந்தில் ஏறி வந்து, மாலையில் தன் இரண்டு மூன்று ஹெக்டேர் நிலத்தைப் பார்த்த விவசாயத் தொழிலாளிகள் அங்கே லட்சக்கணக்கில் இருந்தார்கள். ‘உனக்குத்தான் நிலம் இருக்கிறதே’ என்று முதலில் அவர்களைத்தான் நீக்கினார்கள். அடுத்து ஆலைப் பேருந்து நின்றது. வேறு ஊரில் வேலை கிடைத்தாலும் போய்ச்சேர வழி இல்லை. ராடோம், ஸ்டராகோவிட்சே, ஸ்கார்ஷிஸ்கோ ஆலைகளுக்கு ஆள் அனுப்பிய ஷிட்வோவியெட்ஸ் மாவட்டம், நாட்டின் வேலையின்மைப் பட்டியலில் பல வருடங்களாக முதலிடத்தில் நிற்பது இதனால்தான். அங்கே மூடுவதற்குப் பெரிய ஆலையே இருக்கவில்லை.

வடக்கிலும் மேற்கிலும் அரசுப் பண்ணைகள் வேறு வகை. 1991 அக்டோபர் 19 சட்டத்தின்படி கலைக்கப்பட்ட அந்தப் பண்ணைகளில் வேலை, வீடு, கடை எல்லாம் ஒரே முதலாளி. அடுத்த ஊர் பல கிலோமீட்டர். ஸ்வூப்ஸ்க், கொஷாலின் பகுதிகளில் 1993 வாக்கில் வேலையின்மை 25 சதவீதத்தைத் தாண்டியது. தொழிலாளிக்குச் சொந்த நிலம் கிடையாது, ஆகவே தென்கிழக்கு விவசாயத் தொழிலாளிக்கு இருந்த உருளைக்கிழங்குகூட இல்லை.

புள்ளிவிவரத்தைப் படிக்கும்போது

இந்த வட்டாரங்களை எண்களை வைத்து ஒப்பிட விரும்புவோர் சறுக்கும் இடங்கள் சில. பதிவான வேலையின்மை விகிதத்தை மட்டும் எடுத்தால் தென்கிழக்கு நன்றாக இருப்பதுபோலத் தெரியும். இரண்டு ஹெக்டேருக்கு மேல் நிலம் உள்ளவரை வேலையில்லாதவராகப் பதிய சட்டம் அனுமதிக்கவில்லை என்பதே அதன் காரணம். மறுபக்கம், வூச்சில் பல்லாயிரம் பேர் ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கும் முன்ஓய்வு உதவித்தொகைக்கும் நகர்ந்தார்கள். அவர்களும் வேலையின்மைக் கணக்கில் வரமாட்டார்கள். ஆகவே வேலையின்மையை விட்டுவிட்டு, 15 முதல் 64 வயதுக்குள் எத்தனை பேர் உண்மையில் வேலையில் இருக்கிறார்கள் என்ற விகிதத்தைப் பாருங்கள்.

1999-இல் 49 மாகாணங்கள் 16 ஆயின. அதற்கு முந்தைய ‘கட்டோவிட்சே மாகாணம்’ எண்ணையும் பிந்தைய ‘சிலேசிய மாகாணம்’ எண்ணையும் ஒரே கோட்டில் இணைத்தால் பிழை. பிந்தையதில் பியெல்ஸ்கோவும் செஸ்டகோவாவும் சேர்ந்திருக்கின்றன. முடிந்தால் மாவட்ட அளவுக்கு இறங்குங்கள். 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபின் வெளிநாடு போனவர்கள் பலர் ஊர்ப் பதிவை நீக்கவில்லை. பதிவு மக்கள்தொகை உண்மையைவிட அதிகமாக இருக்கும். குடிநீர் கட்டணம், குப்பைக் கட்டணம் கட்டுவோர் எண்ணிக்கை பல நகரங்களில் அதைவிட நம்பகமானது.

ஒரு வட்டாரம் எழுமா என்று கணிக்க வேண்டுமானால் நான் பார்க்கும் வரிசை இது: பெரிய ஆலையின் பங்கு மொத்த வேலையில் எவ்வளவு, அதன் முதல் மூன்று வாங்குபவர்கள் யார், ஆலைக் கட்டடம் மறுபயன்பாட்டுக்கு ஏற்றதா (பல மாடிச் செங்கல் ஆலையைவிடத் தூணில்லாத ஒரே தளக் கூடம் எளிது), தொழிற்பள்ளி இன்னும் இயங்குகிறதா, காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போய்ச்சேரப் பேருந்து உண்டா. கடைசிக் கேள்வியை அலட்சியம் செய்யாதீர்கள். நாற்பது கிலோமீட்டரில் புதிய ஆலை வந்தும் பயன் கிடைக்காத ஊர்களில் பெரும்பாலும் தடையாக நின்றது அதுதான்.

இப்போது நடப்பது

2021-இல் அரசும் சங்கங்களும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி மேல் சிலேசியாவின் கடைசி அனல்கரி (மின் நிலையங்களில் எரிக்கும் கரி) சுரங்கம் 2049-க்குள் மூடப்பட வேண்டும். அந்த ஒப்பந்தத்தில் நிலத்தடியில் வேலை செய்பவருக்கு வைத்தது, ஓய்வுக்கு முன் நான்கு வருடம் வரை சம்பளத்தின் 80 சதவீதத்துடன் விடுப்பு. அல்லது ஒரே தவணையாக 1,20,000 ஸ்வாட்டி. 1998 பொதியின் வார்ப்பேதான். சுரங்கத்துக்கு வெட்டுக் கருவி செய்யும் பட்டறை, தூக்கி எந்திரம் பழுதுபார்க்கும் நிறுவனம், ஒப்பந்தத் தொழிலாளர் இவர்களுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. சுரங்க நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருப்பவரை மட்டும் எண்ணினால் அவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். கரியைக் கைவிடும் வட்டாரங்களுக்கு உதவ ஐரோப்பிய ஒன்றியம் தரும் ‘நியாய மாற்ற நிதி’ சிலேசியாவில் இந்தச் சிறு நிறுவனங்கள் புதிய சரக்குக்கு மாற உதவும் என்பது திட்டம். அந்தப் பணம் எந்த ஊர் வரை போய்ச் சேருகிறது என்பதைத்தான் அடுத்த சில வருடங்களில் கவனிக்க வேண்டும்: கட்டோவிட்சேயிலும் கிளிவிட்சேயிலும் நின்றுவிடுகிறதா, பிட்டோம் வரை வருகிறதா என்று.